எசேக்கியா ராஜாவின் அத்திப்பழ அடை

என் அன்பு மகனுக்கு,

நான் உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் தலைப்பில் ஒரு வசனம் இருக்கும். நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோதும், முதல் வேலைக்காக சான்டா கிளாரா வந்தபோதும், தீர்க்கதரிசிகளின் புத்தகங்களைப் புரட்டி உனக்குப் பொருந்தும்படி ஒன்றை எடுத்து எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பேன். யூதாவின் ராஜாக்களுக்கும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கும் சொல்லப்பட்ட வார்த்தைகளை உன் செமஸ்டர் பரீட்சைக்கும் விசாவுக்கும் வாக்குத்தத்தமாக அனுப்பினேன். நீயும் அவற்றைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாய். இன்று இந்தத் தாளின் தலைப்பு காலியாக இருக்கிறது. நான் அனுப்பிய வார்த்தைகள் உனக்குள் என்னவாக வளர்ந்திருக்கின்றன என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை உன் வாயாலேயே கேட்டேன். அதற்குப் பிறகு இன்னொரு வசனத்தை எடுத்து எழுதக் கை வரவில்லை.

அன்று மதியம் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இங்கே இந்தப் பிஸ்கட்டவே ஊரில் நம் தமிழ்ச் சபைக்கு இரண்டு மணிக்குத்தான் கட்டடம் கிடைக்கும். ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டே உன் போனை எடுத்தேன். உன் மனைவியின் மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து, அது புற்றுநோய்தான் என்று பரிசோதனையில் உறுதியான நாளிலிருந்து, உன் போன் வந்தாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எடுப்பேன். நீயோ சந்தோஷமாகப் பேசினாய். வெள்ளிக்கிழமை உன் வீட்டில் நடந்த உபவாச ஜெபத்தில், உங்கள் ஜெபக்குழுவில் ஜெபிக்க வரும் அந்தச் சகோதரர் தீர்க்கதரிசனம் சொன்னார் என்றாய். இந்த வியாதி மரணத்தில் முடியாது, மனுஷருடைய கத்தி இவள்மேல் படக்கூடாது என்று வார்த்தை வந்ததாம். அடுத்த வாரத்து ஆபரேஷனை கேன்சல் பண்ணிவிட்டோம் என்றாய். பிறகு ஒன்று சொன்னாய். அதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருக்கக் கூடாது என்பதற்காக.

"நீங்க கத்துக்கொடுத்த விசுவாசம்தான்மா இது. ஒரு மாத்திரை இல்லாம என்னை எழுப்பினவர், இவளை எழுப்ப மாட்டாரா?"

நான் "சரிய்யா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீண்டும் நான்கு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. விசுவாசமாகப் பேசுவதானால் பேசுங்கள், சந்தேகத்தைக் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய். அதனால் எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாதபடி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

உனக்கு மாத்திரை கொடுத்தேன். ஒன்றிரண்டு அல்ல, பதினான்கு நாள் கொடுத்தேன்.

அப்போது உனக்கு ஏழு வயது. பாளையங்கோட்டையில் இருந்தோம். உன் அப்பா மின்வாரிய அலுவலகத்தில் இருந்தார். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் நம் பழைய சபையை விட்டுவிட்டு, மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று போதிக்கிற ஜெபக்குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். நல்ல மனிதர். உன்னை என்னைவிட அதிகமாக நேசித்தார். உனக்குக் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள், குழுவின் மூப்பர் வந்து உன் தலைமேல் கை வைத்து, இந்தப் பிள்ளை பிழைப்பான், மருந்தைத் தொடாதிருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் கை உன் வயிற்றின்மேல் இருந்தது. வயிறு கல் மாதிரி இருந்தது.

மறுநாள் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அப்பா ஒன்பது மணிக்கு சைக்கிளை எடுத்ததும், உன்னைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்தார்கள். டைஃபாய்டு. டாக்டரம்மா உன்னைச் சேர்க்கச் சொன்னார், முடியாது என்றேன். "இன்னும் நாலு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார். திட்டிக்கொண்டே மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றைச் சாக்பீஸ் டப்பாவில் போட்டு, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களுக்கு அடியில் வைத்தேன். வாத்தியார் வீட்டில் அந்தக் கட்டை யாரும் தொட மாட்டார்கள். கூடு போன்ற மாத்திரையைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைத் தேனில் குழைத்து, அப்பா குளிக்கும்போதும் ஜெபத்துக்குப் போகும்போதும் உன் வாயில் வைப்பேன். "ஏம்மா தேன் கசக்குது?" என்று கேட்டாய். காய்ச்சல் அடித்த நாக்குக்கு எல்லாமே கசக்கும் என்றேன். நான் உனக்குச் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று குழுவினர் உனக்காக இருந்த உபவாசம் முடிகிற நாள். உன் அப்பா முழங்காலில் நின்று சத்தம் விட்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாயைத் திறப்பேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மீதி நாட்களும் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் வெறும் தேன் கொடுத்தேன். நீ நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, இப்போது இனிக்கிறது என்றாய்.

அந்தத் தேனை நீ எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறாய்! வாலிபர் கூட்டத்தில், உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜெபத்தில், இப்போது ரவுண்ட் ராக்கில் உன் வீட்டு ஹாலில். பதினான்கு நாள் கசந்த தேன் பதினைந்தாம் நாள் இனித்தது, அதுதான் கர்த்தர் எனக்குக் கொடுத்த அடையாளம் என்று சொல்வாய். கேட்கிறவர்கள் அல்லேலூயா என்பார்கள். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். கசந்தது மருந்து, மகனே. இனித்தது, மருந்து தீர்ந்துபோனதால்.

இதோடு முடிந்திருந்தால், ஒரு தாய் பிள்ளைக்காகச் சொன்ன பொய் என்று நானே என்னை மன்னித்துவிட்டிருப்பேன். முடியவில்லை. அதற்கு அடுத்த வருடம், மழைக்காலத்தில், ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஜாய்ஸ் என்ற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. நன்றாக வரைபடம் வரைவாள். அவளுடைய அப்பா அம்மா எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். உன் அப்பா சொன்ன சாட்சியைக் கேட்டுத்தான் சேர்ந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா நம் வீட்டுக்கு வந்தாள். குடையை மடக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் வாசலில் நின்றாள். உன் அப்பா நாற்காலியில் இருந்தார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். தம்பிக்கு நெசமாவே மருந்து ஒண்ணும் குடுக்கலியா?"

"ஒரு சொட்டு கெடையாதும்மா" என்றார் அப்பா. "கர்த்தர் சொன்னா சொன்னதுதான்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

அவள் பெண்பிள்ளை, தாய். எங்கே உண்மை இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் என்னிடம் கேட்டாள். நான் "இல்லம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள். பத்து நாளில் ஜாய்ஸை அடக்கம் பண்ணினார்கள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்து, பழக்க தோஷத்தில் அவள் பெயரையும் வாசித்துவிட்டேன். நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நான் தெரியாமல் வாசித்ததாக நினைத்து, "டீச்சர், அவ இல்ல" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தக் குழுவை விட்டு நாங்கள் வெளியே வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான்தான் பிடிவாதம் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். காரணம் கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் பேச்சு வருகிறது என்றேன். பழைய சபைக்குத் திரும்பினோம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போனோம். ஆனால் சாட்சி மட்டும் நம்மோடு கூடவே வந்தது. இங்கே வந்து இந்தச் சபையில் சேர்ந்த பிறகும் உன் அப்பா அதைச் சொல்வதை நிறுத்தவில்லை, அவரைப் பொறுத்தவரை அது சத்தியம். நானும் பெண்கள் ஐக்கியத்தில் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டார்கள், சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது, அடக்க ஆராதனையில் நீ எழுந்து நின்று அதையே சொன்னாய். இனி யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு வேலை, மகனே. தினமும் செய்ய வேண்டிய வேலை. செய்து செய்து பழகிவிட்டால், அது வேலை என்பதே மறந்துபோகும்.

எனக்கு அதை ஞாபகப்படுத்தியவள் ஒரு யூதப் பெண். எங்கள் கட்டடத்தில் இதே மாடியில் இருக்கிறாள், ரூத் என்று பெயர், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாரத்துக்கு ஒரு நாள் கீழே துணி துவைக்கிற அறையில் சந்திப்போம். மெஷின் ஓடி முடிகிறவரை பேச்சு. இந்த வாரம் உன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் புத்தகத்திலிருந்து எதைத் திருடிச் சொல்லிக்கொடுத்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். போன குளிர்காலத்தில் எசேக்கியா ராஜாவின் கதை என்றேன். ராஜா மரணப் படுக்கையில் இருக்கிறான், ஏசாயா வந்து நீ பிழைக்க மாட்டாய் என்கிறார், அவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறான், ஏசாயா திரும்பி வந்து பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது என்கிறார், அடையாளமாகச் சூரிய கடிகாரத்தில் நிழல் பின்னால் போகிறது. நான் வகுப்பில் சொல்கிற மாதிரியே கைகளை ஆட்டிச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "அத்திப்பழம் எங்கே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஏசாயாதான் அத்திப்பழ அடையை ராஜாவின் பிளவைக் கட்டியின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார், அதற்குப் பிறகுதானே ராஜா பிழைத்தான், அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டாள். மாடிக்கு வந்து என் வேதாகமத்தைத் திறந்தேன். முப்பது வருடமாக வைத்துப் படிக்கிற வேதாகமம். அந்த அதிகாரம் முழுக்க நான் போட்ட சிவப்புக் கோடுகள். அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் கோடு இல்லை. எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! வாக்குக் கொடுத்த தீர்க்கதரிசியே, அதே வாயால், மருந்தும் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான் தோன்றியிருக்கிறது. என் கதையில் எதை மறைத்தேனோ, ஏசாயாவின் கதையிலும் அதையே மறைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ரூத்திடம் அதைச் சொன்னபோது அவள் பரிகாசமாகத்தான் பேசினாள். எங்கள் தீர்க்கதரிசிகளை நீங்கள் பேப்பரில் வருகிற ராசிபலன் மாதிரி படிக்கிறீர்கள் என்றாள். தீர்க்கதரிசி என்றால் நடக்கப்போவதைச் சொல்கிறவன் என்று நினைக்கிறாய், ராஜாவுக்குப் பிடிக்காததை ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நம் விசுவாசம் முழுவதுமே அந்தத் தீர்க்கதரிசனங்கள் நிறைவேறின என்பதில் அல்லவா நிற்கிறது என்று வாதம் பண்ணினேன். "நிற்கட்டும்" என்றாள். "நீ எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

நீ அந்தச் சகோதரரை எப்படி நம்பாமல் இருப்பது என்று கேட்பாய். எரேமியாவும் அனனியாவும் தேவாலயத்தில் நேருக்கு நேர் நின்ற நாளை நினைத்துப் பார். வகுப்பில் நான் இதை மிகச் சுலபமாக நடத்திவிடுவேன். ஒருவன் மெய், ஒருவன் பொய், எழுதிக்கொள்ளுங்கள் என்று. அன்று கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண ஆளாக உன்னை வைத்துப் பார். இரண்டு பேரும் கர்த்தர் சொல்லுகிறார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அனனியா, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்கிறான். அந்தச் சிறையிருப்பு நீடிக்கும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? ஆமென், அப்படியே ஆகட்டும் என்றார். அவருக்கும் அது மெய்யாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசைப்பட்டதால் மெய்யாகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அனனியா சொன்னது நடக்கவும் இல்லை. அந்தச் சகோதரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீடு வீடாக வந்து ஜெபிக்கிறவர், உன்மேல் பாசமாகத்தான் சொல்லியிருப்பார். அனனியாவும் பாசமாகத்தான் சொல்லியிருப்பான். நம் வீட்டுக்கு நான் அனனியாவாக இருந்தேன், அதுவும் வாயைத் திறக்காமலேயே.

ஆதிச் சபையில் அப்படி இல்லையே என்பாய். பேதுருவின் நிழல் பட்டவர்கள் குணமானார்களே என்று உன் குழுவில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதே அப்போஸ்தலர்களின் காலத்தில் பவுலோடு கூட ஒரு வைத்தியர் பிரயாணம் பண்ணினார். பவுல் தன் கூட்டாளி ஒருவரை நோயாளியாகவே ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அவருக்காக ஜெபித்திருக்க மாட்டாரா? தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் சொன்னது வசனம் அல்ல, கைவைத்தியம். அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று சொன்னபோது, அந்தியோகியாவில் இருந்தவர்கள் கர்த்தர் போஷிப்பார் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. யூதேயாவில் இருப்பவர்களுக்கு என்ன அனுப்பலாம் என்று உடனே சேகரிக்க ஆரம்பித்தார்கள். தீர்க்கதரிசனம் கேட்டதும் எழுந்து வேலையைப் பார்த்தவர்கள்தான் அந்தச் சபையைக் கட்டினார்கள்.

இன்னொன்று. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில் பேதுரு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்தது நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய ஆட்கள் அநேகமாக யாரும் பக்கத்தில் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால், சபையின் மூப்பராக, மரியாதையோடு, அந்த ஒரு ராத்திரியை மறைத்தே வாழ்ந்திருக்கலாம். அவரே சொல்லித்தான் வெளியே வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். என்னைவிட எவ்வளவோ மேலான மனிதர். நான் முப்பத்தைந்து வருடம் மறைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் மனைவி எனக்குப் போன் பண்ணினாள். நீ ஆபீஸில் இருந்தாய். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்கிறேன், அவள் என்னை மன்னிக்கட்டும். முதலில் சாப்பிட்டீர்களா, குளிர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். அப்புறம் குரல் மாறியது.

"அத்தை, டாக்டர் இப்ப சின்னதா இருக்கும்போதே எடுத்துடலாம்னாங்க. ரொம்ப ஏர்லி ஸ்டேஜ்தானாம். எனக்கு பயமா இருக்குன்னு சொன்னா, குரூப்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க, என்னாலதான் ஏதோ பிளாக் ஆகுதுங்கற மாதிரி. இவர் உங்க சாட்சியைத்தான் சொல்றார், டெய்லி. அத்தை, நிஜமாவே அன்னிக்கு மெடிசின் எதுவும் குடுக்கலையா?"

என் வாய்க்குள் பதில் இருந்தது, மகனே. ஒரே ஒரு வார்த்தை. நான் "அதை நேர்ல வந்து சொல்றேம்மா" என்றேன்.

எழுபத்தொரு வயதில் நான் எதற்குப் பயந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் அப்பாவின் பெயருக்கா? நீ என்னை வெறுத்துவிடுவாய் என்றா? ஜாய்ஸ் செத்ததற்கு நான் காரணம் என்று சத்தமாகச் சொல்லவேண்டி வரும் என்றா? எல்லாம்தான். உன் மனைவி "சரி அத்தை" என்றாள். பிறகு, டாக்டர் ஆபீஸில் ஒரு நர்ஸ் அவள்மேல் இரக்கப்பட்டு, அந்தத் தேதியை வெள்ளிக்கிழமை மதியம் வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள் என்று சொன்னாள். "ஆனா நான் மட்டும் போனா, நாளைக்கு எது நடந்தாலும் என் அவிசுவாசத்தாலதான்னு சொல்லுவாங்க அத்தை. நான் அதோட எப்படி இருக்கறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவளாகவே கேன்சல் பண்ணினாள், நான் வற்புறுத்தவில்லை என்று நீ சொல்வாய். ஜாய்ஸின் அம்மாவையும் யாரும் வற்புறுத்தவில்லை.

நேற்று நம் பாஸ்டரிடம் போனேன். வருகிற ஞாயிறு சாட்சி நேரத்தில் இந்தக் கடிதத்தை நான் வாசிக்கப் போகிறேன் என்று சொன்னேன். உன் பெயரையும் அவள் பெயரையும் எங்கும் எழுதவில்லை, அவளுடைய வியாதியைப் பற்றிய பகுதிகளை அங்கே வாசிக்கவும் மாட்டேன். மற்றதை வாசிப்பேன். சபையின் முன்னால் சொன்ன பொய்யைச் சமையலறையில் வைத்துத் திருத்த முடியாது. பாஸ்டர் நல்ல பிள்ளை, உன்னைவிட இளையவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆன்ட்டி, அங்கிளோட சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் ஸ்ட்ரென்த் ஆகியிருக்காங்க. இதைக் கேட்டா அவங்க விசுவாசம் ஆடிப் போயிடாதா?" என்றார். ஆடட்டும் பாஸ்டர், நிற்க வேண்டியது நிற்கும் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், நிற்க வேண்டியது எது என்று எனக்கே தெரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தேன். ஆண்டவரே, அவளைக் காப்பாற்றும் என்று ஆரம்பித்தேன். இதே வார்த்தைகளைத்தானே ஜாய்ஸின் அம்மாவும் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அதோடு எழுந்துவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ பிள்ளையாக இருந்தபோது உனக்காக நான் பண்ணிய ஜெபங்களில் பாதி, உண்மை வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அது முக்கியமில்லை என்று தோன்றுகிறது. நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அந்தக் கட்டி வளர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கடிதத்தால் நீ நம்பிக்கையையே இழந்துவிடுவாயோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. உன் அப்பா அழுத அந்த நாள், உன் வாழ்க்கையின் அஸ்திவாரம் என்று எனக்குத் தெரியும். அதை நான் என் கையால் இடிக்கிறேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை. கடவுள் உன்னைக் குணமாக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நான்கு நாள் தாமதித்திருந்தால் போயிருப்பாய் என்று அந்த டாக்டரம்மா சொன்னாரே, அந்த நான்கு நாளை எனக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. உன்னை ஆட்டோவில் ஏற்றியது நான். அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இன்று புதன்கிழமை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். அவளுக்கும் அனுப்புவேன், அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை உன் குழுவில் இதைக் காட்டு. கேட்டால், எங்கள் அம்மா பொய்ச் சாட்சி சொன்னவள் என்று சொல். அது உண்மைதான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று அவர்கள் சொன்னால், அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் அவர்களுக்காக எழுதவில்லை. நீ அவளோடு கூடப் போக வேண்டும். அதுதான் நான் கேட்பது. அவள் தனியாகப் போகிறவளாக இருக்கக் கூடாது. அந்த அறைக்கு வெளியே நீ உட்கார்ந்திருக்க வேண்டும். விசுவாசத்தோடு உட்காரு, இல்லாமல் உட்காரு, என்மேல் கோபத்தோடு உட்காரு.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. டாக்டர் ஆபீஸ் காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். அங்கே பண்ணு.

அம்மா